குறிகட்டுவானில் வரிசை மாறி நின்ற கதை

யாழ்ப்பாணத்துக்கு அங்கால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்கு முதல் தரம் போனபோது நடந்தது இது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசி, கடல் கொந்தளிக்கிற காலம். விஷயம் தெரிந்தவன் அந்த மாதங்களில் போகமாட்டான்.

யாழ்ப்பாணத்தில் 776 பஸ் ஏறினேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று தீவு தீவாகத் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விட்டது. அதற்கு அங்கால் றோட்டு இல்லை.

சனம் நின்ற பக்கமாகப் போய் நானும் நின்றுகொண்டேன். எல்லார் கையிலும் பூத்தட்டு, அர்ச்சனைச் சாமான். எனக்கு அப்பவும் விளங்கவில்லை. பின்னால் சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு அம்மா கூப்பிட்டா.

"தம்பி, எங்கை போறீர்?"

"நெடுந்தீவுக்கு அம்மா."

"அப்ப ஏன் அங்கை நிக்கிறீர்? அது நயினாதீவு அம்மாளிட்டைப் போற சனம். மூட்டை முடிச்சோடை நிக்கிற ஆக்கள்தான் எங்கடை ஆக்கள்."

உண்மைதான். எங்கள் படகில் வெங்காய மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு சைக்கிள், கால் கட்டிய கோழிகள் எல்லாம் ஏறின. நயினாதீவு கண்ணுக்கு முன்னால் தெரியும், கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

மேலே நின்று படம் எடுக்கப்போன என்னை அம்மா கீழே இறக்கினா. பத்து நிமிசத்தில் படகு தூக்கிப் போடத் தொடங்கியது. பையைக் கிளறி ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறி என் கையில் வைத்தா. "மணந்துகொண்டு இரும். வெளியிலை பாராதையும்."

கொஞ்சம் தெளிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுதானோ குமுதினி?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லை. இது வேறை."

அதோடு பேச்சு நின்றது. 1985 மே 15 அன்று குமுதினி என்ற நெடுந்தீவுப் படகில் வந்தவர்களை நடுக்கடலில் மறித்து வெட்டிக் கொன்றதை வாசித்திருக்கிறேன். வாசித்தவன் இந்தக் கடலில் வைத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவதும் அந்த நினைவிடம்தான். அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றா, பிறகு நடந்தா.

வெங்காய மூட்டையை ஓட்டோ வரை நான்தான் தூக்கினேன். குதிரைகள், முருகைக்கல் (பவளக்கல்) வேலிகள், பெருக்க மரம் (பாவோபாப்), எல்லாவற்றுக்கும் வழி சொன்னா. ஓட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி,

"பின்னேரப் போட்டுக்கு முந்தியே வந்து நில்லும் தம்பி. பயப்பிடாதையும், இங்கை வரிசை ஒண்டுதான்!"