வெள்ளை மஞ்சளான கதை: பழைய ஒர்க்ஸ்டேஷனில் கிராஃபிக்ஸ் டிரைவரோடு மல்லுக்கட்டியவர்கள் வாருங்கள்

பழையஇரும்பு:
அல்ட்ராஸ்பார்க் சிப் உள்ள ஒர்க்ஸ்டேஷன் ஒன்று கைக்கு வந்தது. சும்மா கிடந்த பிசிஐ ரேடியான் கிராஃபிக்ஸ் அட்டையை அதில் செருகினேன். திரை கும்மிருட்டு. அட்டை செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால் மெஷின் அது பாட்டுக்கு பூட் ஆகிக்கொண்டிருக்கிறது!

பிசிக்காகச் செய்த அட்டையின் ரோமில் இருப்பது எக்ஸ்86 நிரல், அதாவது இன்டெல் வகை சிப்புக்கானது. ஸ்பார்க் மெஷினைத் தொடங்கிவைக்கும் ஓப்பன் ஃபர்ம்வேர் தேடுவது எஃப்கோடு என்ற வேறு வகை நிரல். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது, அதனால் அட்டையை யாரும் எழுப்பவே இல்லை. நல்லவேளை, லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள ரேடியான் டிரைவருக்கு இந்தச் சிக்கல் தெரியும். எக்ஸ்86 நிரலை ஓட்டாமல், ரோமில் உள்ள அட்டவணைகளை மட்டும் தானே படித்து மெமரியையும் கடிகாரத்தையும் தொடங்கிவைக்கும். மாட்யூலை ஏற்றியதும் கன்சோல் பளிச்சென்று வந்தது.

பிறகுதான் வந்தது வினை. எக்ஸை (திரையில் ஜன்னல்களைக் காட்டும் மென்பொருள்) ஓட்டினால் வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிகிறது. சிவப்பு பச்சையாகிவிட்டது, பச்சை சிவப்பாகிவிட்டது. நீலம் இருந்த இடத்தில் கறுப்பு. 16 பிட் நிறத்துக்கு மாற்றினேன், எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. "அப்படியானால் பைட் வரிசையில் கோளாறு இல்லை" என்று தீர்மானித்து ஒரு வாரம் மெசாவை (முப்பரிமாணம் வரையும் மென்பொருள் நூலகம்) குடைந்தேன். வெறும் மடத்தனம். 16 பிட்டில் வெள்ளை என்பது எல்லா பிட்டும் ஒன்று, கறுப்பு என்பது எல்லாம் பூஜ்யம். பைட்டை எப்படித் திருப்பிப்போட்டாலும் அவை மாறாது. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ கறுப்பு வெள்ளை டெர்மினல்.

32 பிட்டில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட்: நிரப்பு பைட், சிவப்பு, பச்சை, நீலம். ஸ்பார்க் பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட் முதலில்), அட்டை லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில்). நான்கையும் தலைகீழாகப் படித்தால் பூஜ்யமான நிரப்பு பைட் நீலத்தின் இடத்தில் போய் உட்காரும். வெள்ளையிலிருந்து நீலம் போனால் மிச்சம் மஞ்சள்தானே. இதற்கென்று அட்டையிலேயே பைட்டைத் திருப்பும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு மெமரிப் பகுதிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கன்சோல் பஃபருக்கு (திரையில் தெரிவதை வைத்திருக்கும் மெமரி) டிரைவர் சொல்லியிருந்தது. நான் ஒட்டுப்போட்டுச் சேர்த்த பஃபருக்கு நான் சொல்லவில்லை. பதற்றத்தில் சிபியு பக்கமும் திருப்பி, அட்டையிலும் திருப்பி, மறுபடி மஞ்சளுக்கே வந்து சேர்ந்தது தனிக்கதை.

உங்கள் கதைகளையும் போடுங்கள்.

நாலுபைட்:
உங்களுக்காவது நிறம்தான் மாறியது. எனக்கு மெஷினே உறைந்துவிடும். பவர்பிசி சிப் உள்ள டெஸ்க்டாப், ஏஜிபி (கிராஃபிக்ஸ் அட்டைக்கென்றே உள்ள இணைப்பு) ரேடியான். முப்பரிமாணம் எதையாவது ஓட்டினால் சில சமயம் 2 நிமிடம் தாங்கும், சில சமயம் அரை மணி நேரம். லாக்கில் ஒரு வரிகூட இருக்காது.

கர்னல் தன் மெமரி முழுவதையும் கேஷ் (சிபியுவின் வேகமான இடைநினைவகம்) வழியாக மேப் செய்து, அதாவது முகவரி கொடுத்து வைத்திருக்கிறது. ஏஜிபிக்குக் கொடுத்த பக்கங்களை டிரைவர் கேஷ் இல்லாமல் இன்னொரு முறை மேப் செய்கிறது. ஒரே பக்கத்துக்கு இரண்டு முகம். கேஷில் தங்கிய பழைய தகவல் எப்போதாவது கீழே இறங்கி, புதிதாக எழுதிய கட்டளையின் மேல் விழுந்துவிடும். அட்டை குப்பையைக் கட்டளை என்று படித்து அப்படியே நின்றுவிடும். கர்னல் கட்டளை வரியில் ரேடியானுக்கு ஏஜிபிமோட் மதிப்பை -1 என்று கொடுத்தேன். ஏஜிபியை விட்டுவிட்டு பிசிஐ வழிக்குப் போய்விடும். வேகம் குறைந்தது, ஆனால் அதன் பிறகு ஒருமுறைகூட உறையவில்லை.

ஸ்பார்ஸ்ராசா:
ஆல்ஃபா சிப் மெஷின் வைத்திருப்பவர்கள் யாரும் இல்லையா? அப்போது நானே சொல்கிறேன். 1996இல் வந்த 21164ஏ சிப்புக்கு முந்தைய ஆல்ஃபாக்களில் ஒரே ஒரு பைட்டை எழுதும் கட்டளையே கிடையாது. நான்கு பைட்டைப் படித்து, ஒன்றை மட்டும் மாற்றி, நான்கையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண மெமரியில் தொந்தரவில்லை. அட்டையின் ரிஜிஸ்டரில் (அட்டைக்குக் கட்டளை எழுதும் சிறு இடம்) இதைச் செய்தால் பக்கத்து ரிஜிஸ்டருக்கும் சேர்த்து உதை விழும். சில ரிஜிஸ்டர்களைப் படித்தாலே ஏதாவது நடக்கும்.

இதைச் சமாளிக்க "ஸ்பார்ஸ்" என்று ஒரு முகவரி வெளி வைத்திருந்தார்கள். முகவரியை 5 பிட் இடப்பக்கம் தள்ளி, எத்தனை பைட் வேண்டும் என்பதைக் கீழ் பிட்டுகளில் சொல்ல வேண்டும். வேறு மெஷினுக்கு எழுதிய டிரைவர் பாயிண்டரை நேராகப் பிடித்து எழுதியிருக்கும். அத்தனை இடத்தையும் தேடித் தேடி மாற்றினேன். 2024இல் வந்த லினக்ஸ் 6.10 அந்தப் பழைய ஆல்ஃபாக்களைக் கழற்றிவிட்டது. கோபம் வரவில்லை. அந்த நிரலை வைத்துக் காப்பாற்றச் சொன்னால் நானே ஓடியிருப்பேன்.

மூன்றாம்கிளை:
கழற்றிவிட்டதைப் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு எரியும். 2012இல் மெசா 8.0 மாக்64, ஆர்128, சாவேஜ், எம்ஜிஏ என்ற பழைய அட்டைகளின் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்தது. கர்னல் பக்கம் மிச்சமிருந்த பழைய டிஆர்ஐ (முப்பரிமாண வேகத்துக்கான) டிரைவர்கள் 2023இல் 6.3 வந்தபோது போயின. நான் சாவேஜுக்கு ஒட்டுப்போட்டு இழுத்துக்கொண்டிருந்த ஆள். ஒவ்வொரு கர்னல் வெளியீட்டுக்கும் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் பெயர் மாறும், மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். கடைசியில் பழைய கர்னலிலேயே நின்றுவிட்டேன்.

ஸ்பார்ஸ்ராசா:
நின்றுவிட்டீர்கள் சரி, நெட்வொர்க்கில் மட்டும் போடாதீர்கள் அண்ணா.

நியூபோர்ட்நேயன்:
எல்லோரும் ஃப்ரேம்பஃபர் (திரைப் புள்ளிகளை வைத்திருக்கும் மெமரி) இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எஸ்ஜிஐ இண்டி ஒர்க்ஸ்டேஷனில் உள்ள நியூபோர்ட் கிராஃபிக்ஸ் அட்டையில் சிபியு நேராக எழுதக்கூடிய ஃப்ரேம்பஃபரே இல்லை. எதை வரைய வேண்டுமானாலும் ரெக்ஸ்3 சிப்பின் ரிஜிஸ்டர் வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். இன்றைய மென்பொருள் எல்லாம் மெமரியில் ஒரு படம் வரைந்துவிட்டுக் காட்டு என்கிறது. ஆகவே மெமரியில் ஒரு நிழல் பஃபர், அதில் மாறிய கட்டங்களை மட்டும் ரிஜிஸ்டர் வழியாகத் தள்ளுவது. ஜன்னலை இழுத்தால் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆனால் கோடு போடு, கட்டம் நிரப்பு என்று அதன் பாஷையிலேயே கேட்டால், அந்த 1993 மெஷினா இது என்று தோன்றும்.

பழையஇரும்பு:
அருமை. ஒரு சந்தேகம் பாக்கி. எல்லா நிறமும் சரியான பிறகும் மவுஸ் கர்சரின் கறுப்பு ஓரம் மட்டும் நீலமாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் வெள்ளை வெள்ளையாகவேதான் இருக்கிறது. இது மஞ்சள் கணக்கில் வரவில்லையே?

நாலுபைட்:
வருகிறது, உங்கள் கணக்குதான். கர்சரில் அந்த நிரப்பு பைட்டின் இடத்தில் இருப்பது ஆல்ஃபா, அதாவது புள்ளி எவ்வளவு ஒளிபுகாதது என்ற அளவு (சிப் அல்ல). கறுப்பு ஓரத்தில் அது 255. திருப்பிப்போட்டால் அந்த 255 நீலத்தில் உட்காரும். வெள்ளையில் நான்குமே 255, அதனால் மாறாது. கர்சர் படத்துக்கு எக்ஸ் டிரைவர்தான் எழுதும்போதே சிபியுவில் திருப்பிப்போட வேண்டும். இரட்டைத் திருப்பலைச் சரி செய்கிறேன் என்று அந்த வரியையும் சேர்த்து அழித்துவிட்டீர்களா, பாருங்கள்.

பழையஇரும்பு:
அழித்திருக்கிறேன்.