மெயின்ஃபிரேம் கோப்பை யூடிஎஃப்-8 ஆக மாற்றும்போது தொகைப் புலங்கள் சிதைகின்றன: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஐபிஎம் மெயின்ஃபிரேமில் கோபால் (COBOL) மொழி நிரல் ஒன்று எழுதும் கணக்குக் கோப்பை லினக்ஸ் சர்வரில் யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டியிருக்கிறது. எஃப்டிபி வழியாக, எழுத்துக் குறியீடுகளை மாற்றித் தரும் ஆஸ்கி முறையில் அனுப்பினால் பெயரும் முகவரியும் சரியாக வந்துவிடுகின்றன. காம்ப்-3 வகைத் (அரை பைட்டுக்கு ஓர் இலக்கம் வீதம் அடக்கி, கடைசி அரை பைட்டில் கூட்டல்/கழித்தல் அடையாளத்தை வைக்கும் எண் வடிவம்) தொகைப் புலங்கள்தாம் சிதைகின்றன. எடுத்துக்காட்டாக, 12405.67 என்ற தொகை ஹெக்ஸ் (16 அடிமான) முறையில் 12 40 56 7சி என நான்கு பைட்டுகளில் இருக்கிறது. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக் முறையில் 40 என்பது இடைவெளி, 7சி என்பது @ குறி என்பதால், அவை முறையே 20 ஆகவும் 40 ஆகவும் மாற்றப்பட்டு, கடைசி அரை பைட்டில் இருந்த கூட்டல் அடையாளமும் அழிந்துவிடுகிறது.

பைட்டுகளை மாற்றாத பைனரி முறையில் கொண்டுவந்து, புலங்களின் அமைப்பை விவரிக்கும் காப்பிபுக்கைப் பார்த்து எழுத்துப் புலங்களை மட்டும் மாற்றுவதே சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே இடத்துக்கு வேறு வேறு புல வரையறை தரும் ரீடிஃபைன்ஸ் காரணமாக, ஒரே இடத்திலுள்ள பைட்டுகள் ரெக்கார்டின் வகையைப் பொறுத்துச் சிலவற்றில் எழுத்தாகவும் சிலவற்றில் காம்ப்-3 எண்ணாகவும் இருக்கின்றன. இத்தகைய கோப்புகளைக் கையாண்டவர்கள், அனுப்புவதற்கு முன்பே மெயின்ஃபிரேமிலுள்ள டிஎஃப்சார்ட் கருவியைக் கொண்டு தொகைகளைப் படிக்கத்தக்க இலக்கங்களாக விரித்தீர்களா, அல்லது பெறும் பக்கத்தில் ரெக்கார்டு வகைவாரியாகப் பிரித்தீர்களா? மேலும், சதுர அடைப்புக்குறிகள் 037 கோட்பேஜில் (எப்சிடிக் எழுத்து அட்டவணைகளில் ஒன்று) பிஏ, பிபி எனவும் 1047-இல் ஏடி, பிடி எனவும் இருப்பதால், பழைய கோப்பு எதில் எழுதப்பட்டது என்பதை உறுதிசெய்ய நம்பகமான வழி இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.