'பொரி' பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

கேள்வி:
வணக்கம். பள்ளியில் சொல்வகைகளை நடத்தும்போது, 'பொரி வாங்கி வா' என்பதில் 'பொரி' பெயர் என்றும், 'அப்பளத்தைப் பொரி' என்பதில் ஏவல் வினை என்றும் மாணவர்கள் தயக்கமின்றிச் சொல்லிவிட்டனர். ஆனால் 'பொரிகடலை' என்னும் சொல்லில் அது எந்த வகையைச் சேரும் என்று ஒரு மாணவி கேட்டபோது, வினைத்தொகை என்பதா, உம்மைத்தொகை என்பதா என்று எனக்கே ஐயம் எழுந்தது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எந்தப் பொருளைக் குறிக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் பொருந்தும். ஆயுத பூசையன்று பொரியையும் கடலையையும் கலந்து படைக்கிறோமே, அந்தப் பொரிகடலை உம்மைத்தொகை. அங்கே 'பொரி' பெயர். சட்னி அரைப்பதற்காகக் கடையில் கேட்டு வாங்கும் பொரிகடலையோ, சிலர் பொட்டுக்கடலை என்றும் உடைத்த கடலை என்றும் சொல்வது, வறுத்துத் தோல் நீக்கிய கொண்டைக்கடலையே ஆகும். அதில் நெற்பொரிக்கு இடமில்லை. பொரித்த, பொரிக்கின்ற, பொரிக்கும் கடலை என மூன்று காலத்துக்கும் விரிவதால் அது வினைத்தொகை. இவ்விரு தொகைகளிலும் வல்லினம் மிகாது என்பதால் எழுத்தைப் பார்த்து வேறுபாடு காண இயலாது. 'பொரிப்பொட்டலம்' என்னும் வேற்றுமைத்தொகையில் ஒற்று மிகுவதை ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

மறுமொழி 2:
வினையாக வரும்போதும் அது ஒரே சொல்லாக நிற்பதில்லை. 'கடுகு பொரிந்தது' என்பது தன்வினை, 'அப்பளத்தைப் பொரித்தாள்' என்பது பிறவினை. எதிர்காலத்தில் முறையே 'பொரியும்', 'பொரிக்கும்' என்று வரும். 'வளைந்தது, வளைத்தது' என்பவற்றைப் போன்ற இணை இது. 'முட்டை பொரிந்தது', 'கோழி குஞ்சு பொரித்தது' என்னும் வழக்குகளிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். பெயரெச்சத்திலும் இது தொடர்கிறது: தானே வெடித்தது 'பொரிந்த கடுகு', ஒருவர் சமைத்தது 'பொரித்த மீன்'.

மறுமொழி 3:
'பொரியல்' என்பதையும் சேர்த்தே நடத்துங்கள். 'அல்' விகுதி பெற்ற இத்தொழிற்பெயர், இன்று செயலை உணர்த்தாமல் அச்செயலால் கிடைக்கும் உணவையே உணர்த்துகிறது. 'வற்றல் தின்றான்' என்பதைப் போல இதுவும் தொழிலாகுபெயர். செயலைச் சொல்ல நமக்கு இப்போது 'பொரித்தல்' தேவைப்படுகிறது. விகுதியே இல்லாத 'பொரி' என்னும் பெயரையும் முதனிலைத் தொழிற்பெயர் ஆகுபெயரானதாகக் கொள்வதே முறை என்பது என் கருத்து. பெயரும் வினையும் தொடர்பற்ற இரு சொற்கள் என்று கற்பிப்பது மாணவர்களுக்கு அந்த உறவை மறைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் மீன் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்த மீன்தான். தமிழ்நாட்டிலோ தாளித்து வதக்கிய பீன்சும் பொரியலாகிவிட்டது. வகுப்பில் ஐயம் எழுந்தால் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 'பொரியை', 'பொரியில்' என்று உருபேற்றால் பெயர், காலங்காட்டினால் வினை.