வார்டில் நின்று சொல்லிக்கொடுத்த டியூட்டர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆரணி அக்கா:

நர்சிங் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் நர்சிங் மாணவிகளிடம் பார்த்துக்கொண்டவர்கள், எல்லோரும் எழுதுங்கள். பெரிய டாக்டர்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். நர்சிங் டியூட்டர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் தொடங்குகிறேன்.

நான் தொண்ணூறுகளில் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். அந்த நிறுவனத்தை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1909இல், டீலியா ஹூட்டன் என்ற நர்ஸ் அங்கே நர்சிங் பள்ளியை ஆரம்பித்துவிட்டார். 1946இல் அது கல்லூரியாகி, டில்லியோடு சேர்த்து இந்தியாவில் முதன்முதலாக நர்சிங்கைப் பட்டப்படிப்பாக நடத்திய இரண்டு இடங்களில் ஒன்றானது. முதல் டீன் ஃபுளோரன்ஸ் டெய்லர். நர்சிங் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்வது என்று ஊரே நினைத்த காலத்தில், இதற்குத் தனியாக ஒரு பட்டம் வேண்டும் என்று நின்றவர்கள் இவர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பல காலேஜ்களில் பாடம் எடுப்பவர் ஒருவர், வார்டை நடத்துபவர் வேறொருவர். வேலூரில் இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கும். கிளாசில் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடத்துக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. காலையில் அவர் கவனித்த நோயாளியைத்தான் மதியம் பாடத்தில் உதாரணமாகச் சொல்வார். எந்த பெட், என்ன கேஸ் என்று எங்களுக்கும் தெரியும். புத்தகத்தில் ஒன்று, வார்டில் ஒன்று என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டிக்கு பேக் கேர், அதாவது முதுகுப் பராமரிப்பு, கொடுக்கும்போது நடந்தது. மேடம் வந்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் புறங்கையை விரிப்பின்மேல் ஓட்டிச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்கு மேலே சிவந்திருந்த இடத்தில் விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். "வெளுத்துட்டுத் திரும்பச் சிவக்குதா, இல்ல அழுத்தினாலும் சிவப்பாவே இருக்குதா, நல்லாப் பாரு." சிவப்பு மாறவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அதுதான் என்று அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். அடுத்து பாட்டியிடம் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இந்தப் பொண்ணு உங்களைத் திருப்புவா. எங்க வலிக்குது, எப்படிப் புடிச்சா சொகமா இருக்குதுன்னு நீங்க அவளுக்குச் சொல்லணும். உங்ககிட்டதான் அவ கத்துக்கணும்."

பாட்டி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "இடுப்புல கை வெச்சுத் தள்ளாத, தோளையும் சேத்துப் புடி" என்று என்னை வேலை வாங்கிவிட்டார். நோயாளியையே ஆசிரியராக்கிவிட்ட அந்த மேடத்துக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

ஆம்பூர் வாசி:

நான் நர்சிங் படிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அதே வேலூரில் சேர்த்திருந்தோம். இடது பக்கம் சுத்தமாக வரவில்லை, விழுங்கினால் புரை ஏறும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்கு ஊட்டுவது எப்படி என்று ஒரு மாணவி சொல்லிக்கொடுத்தாள். நிமிர்த்தி உட்காரவைக்கணும், தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தச் சொல்லணும், வலது கன்னப் பக்கம் ஸ்பூன் வைக்கணும், விழுங்கின பிறகு இடது கன்னத்தில் சோறு தங்கியிருக்கான்னு பார்க்கணும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. பிள்ளை தெளிவாகத்தான் சொன்னாள். அம்மாவும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் அவர்களுடைய டீச்சர் நின்றிருந்தார், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்ததும் கஞ்சிக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தார். "இப்ப நீங்க ஊட்டுங்கம்மா, நாங்க பாக்குறோம். நீங்க சரியாச் செஞ்சாதான் இவ சொல்லிக்கொடுத்ததா அர்த்தம்."

அம்மா மூன்றாவது ஸ்பூனிலேயே கன்னத்தைப் பார்க்க மறந்தார். டீச்சர் மாணவியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அப்பா இருந்த காலம் முழுக்க அம்மா அந்த முறையை விட்டதே இல்லை. அந்த டீச்சர் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஜி.என்.எம். தம்பி:

அக்கா, படிக்க ஏக்கமாக இருக்கிறது. நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தது தென் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். நோட்ஸை வாசிப்பார்கள், எழுதிக்கொள்வோம். ப்ரொசீஜர் எல்லாம் பொம்மையில்தான். போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எங்கள் மேடம் லாக் புக்கில் கையெழுத்துப் போட சாயங்காலம் வருவார். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. எங்கள் பள்ளியில் காகிதத்தில் அது சரியாகவே இருந்தது.

எனக்கு உண்மையில் தொழில் கற்றுக்கொடுத்தவர் அந்த வார்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் நரம்பு கிடைக்காத கையில் ஊசி போடும்போது என்னைக் கூப்பிட்டு, "கண்ணால தேடாத, விரலால தடவித் தேடு" என்பார். அது அவர் வேலையே இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. என் கேள்வி இதுதான்: வேலூர் மாதிரி சொந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் இதெல்லாம் நடக்கும். மற்ற இடங்களில் என்ன செய்வது?

கடல் கடந்த நர்ஸ்:

நானும் வேலூர்தான், இப்போது வளைகுடாவில். எங்கள் டியூட்டர்களுக்கு ஒரு பழக்கம், "ஏன்?" என்று கேட்காமல் விடவே மாட்டார்கள். நோயாளிக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று கேர் ப்ளான் எழுதினால் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். "டாக்டர் ஆர்டர்" என்று எழுதினால் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

டிகாக்சின் என்ற இதய மாத்திரை கொடுக்குமுன் ஒரு முழு நிமிஷம் நெஞ்சில் ஸ்டெத் வைத்துத் துடிப்பை எண்ணச் சொன்னார் எங்கள் மேடம். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். மேடம் கோபப்படவில்லை. துடிப்பு தாறுமாறாக இருந்த ஒரு நோயாளியிடம் எங்களைக் கூட்டிப்போய், ஒருத்தியை நெஞ்சிலும் இன்னொருத்தியை மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் எண்ணவைத்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. கைக்கு வந்து சேராத துடிப்புகள் எத்தனை என்று நாங்களே கண்டுபிடித்தோம். இங்கே நைட் ட்யூட்டியில் துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரை எழுப்ப எனக்குத் தயக்கமே வந்ததில்லை. காரணம் கையில் இருக்கும்போது பயம் எதற்கு?

ஆரணி அக்கா:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வேலூரில் பாட்டன் முப்பாட்டன் காலத்து ஏற்பாடு இருக்கிறது, மறுக்கவில்லை. டியூட்டர்களுக்கு அங்கே இரட்டைச் சுமை என்பதும் உண்மை. வார்டையும் பார்த்து, இரவில் எங்கள் கேஸ் ஸ்டடியையும் திருத்துவார்கள். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்பதுதான் அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம். எங்கள் டியூட்டர்கள் அதைப் பிரசங்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை, செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியே இல்லாத இடத்திலும் அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கம்யூனிட்டி போஸ்டிங்கில் வேலூருக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போவோம். பிரசவமான வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல்தான் பையை வைக்க வேண்டும். சோப்பையும் துண்டையும் முதலில் எடுத்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற சாமானைத் தொடலாம். வேலை முடிந்ததும் மறுபடி கழுவி, எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, தாளில் தரைபட்ட பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். எங்கள் மேடம் அந்தத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் வீட்டில் தானே செய்து காட்டினார். அடுத்த வீட்டில் நாங்கள். அந்தக் கிராமத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது, லேபும் கிடையாது.

புது டியூட்டர்:

நான் இப்போதுதான் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். 2021இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறை, சிமுலேஷன் லேப் எல்லாம் இருக்கிறது. லேப் நல்லதுதான், தப்பு நடந்தாலும் யாருக்கும் வலிக்காது. ஆனால் பொம்மை, "தோளையும் சேத்துப் புடி" என்று சொல்லாதே! அக்கா, சொந்த ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரியில் என்னால் தனியாக என்ன மாற்ற முடியும்?

ஆரணி அக்கா:

பெரிதாக யோசிக்காதீர்கள் தங்கச்சி. போஸ்டிங் நாட்களில் மாணவிகளுக்கு முன்பே போய், நைட் ட்யூட்டி ஸ்டாஃப் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரே ஒரு நோயாளியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச் பாத் (படுக்கையிலேயே உடம்பைத் துடைத்துவிடுவது), பேக் கேர், சார்ட் எழுதுவது எல்லாம் நீங்கள் செய்ய, பிள்ளைகள் பார்க்கட்டும். வார்டு சிஸ்டரிடம் முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தன் வேலையில் தலையிடுவதாக நினைப்பார். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். வார்டு சிஸ்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.