ஐந்து நாள் படுத்திருந்த சர்வரும் எங்கள் எக்ஸிமின் பிடிவாதமும்

இருபது பேர் இருக்கிற ஆபீஸுக்கு மெயில் சர்வர் பார்ப்பது என் வேலை. டெபியன் லினக்ஸ், அதன் மேல் மெயிலை அனுப்பிச் சேர்க்கிற எக்ஸிம்4 மென்பொருள். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு நிறுவனத்தின் சர்வர் ஐந்து நாளாகப் படுத்த படுக்கை. ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ‘சரியாயிடுச்சு சார், அனுப்புங்க’ என்று அவர்களே போன் செய்தார்கள். அக்கவுண்ட்ஸ் அக்கா பர்ச்சேஸ் ஆர்டரை அனுப்பினார். அனுப்பிய கை எடுக்கவில்லை, மெயில் திரும்பி வந்து விழுந்தது.

டெல்நெட்டில் அவர்களுடைய 25ஆம் போர்ட்டை, அதாவது மெயில் வாங்குகிற வாசலைத் தட்டினேன். ‘220’ (தயார்) என்று உடனே பதில். எக்ஸிமில் -பிடி (-bt) ஆப்ஷன் போட்டு முகவரியைச் சோதித்தேன். எந்த வழி, எந்த முறை, எந்த சர்வர் (எக்ஸிம் மொழியில் ரூட்டர், டிரான்ஸ்போர்ட், ஹோஸ்ட்) எல்லாம் சரி. -பிடி வழியை மட்டும்தான் சொல்லும், போய்க் கதவைத் தட்டாது என்பது எனக்கு உறைக்கவே அரை மணி ஆயிற்று. லாக்கைப் பார்த்தால் அந்த சர்வரை அணுகியதற்கான தடயமே இல்லை. ‘ரொம்ப நாளாகத் தோல்வி, ரீட்ரை (மறுமுயற்சி) நேரமும் வரவில்லை’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அப்புறம் -பிஆர்டி (-brt) போட்டுப் பார்த்தேன். அந்த டொமைனுக்கு எந்த ரீட்ரை விதி பொருந்தும் என்று காட்டுகிற ஆப்ஷன் அது. இத்தனை வருஷம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. பிறகு 1 மணி நேர இடைவெளியில் தொடங்கி, அது ஒன்றரை மடங்காக நீண்டுகொண்டே 16ஆம் மணி நேரம் வரை. அதன் பின் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 4 நாள் வரை. டெபியன் தருகிற அதே விதி.

சிக்கல் அந்த 4 நாளில்தான். இந்தக் கணக்கை எக்ஸிம் மெயிலுக்கு மெயில் தனியாக வைப்பதில்லை, ஹோஸ்ட் பெயரில் எழுதி வைக்கிறது. 4 நாள் தாண்டிய ஹோஸ்ட்டுக்குப் புது மெயில் வந்தால், அடுத்த 6 மணி நேரக் கெடு வரும்வரை போய்ப் பார்க்காமலே திருப்பிவிடும். அந்தக் கணக்கைக் காட்டுகிற டம்ப்டிபி கட்டளையில் பார்த்தேன்: கடைசி முயற்சி காலை 7:10, அடுத்தது மதியம் 1:10. ஊர் முழுக்க விளக்கு எரிகிறது, இது மட்டும் ‘கரண்ட் இல்லை’ என்று உட்கார்ந்திருக்கிறது!

எக்ஸிம் தன் மெயில்களை வைத்திருக்கிற ஸ்பூலுக்குள், டிபி டைரக்டரியில் இருந்த ரீட்ரை கோப்பை அழித்தேன். அது வெறும் குறிப்புதான், போனால் எக்ஸிம் புதிதாக எழுதிக்கொள்ளும். அக்கா மறுபடி அனுப்பினார், போய்விட்டது. அன்று மாலையே வெளி சர்வர்களுக்கு மெயில் அனுப்புகிற எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டில் ‘டிலே ஆஃப்டர் கட்ஆஃப்’ ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கிவிட்டேன். இனி கெடு தாண்டிய ஹோஸ்ட்டானாலும் ஒரு தடவை முயன்று பார்க்கும்.

மறுமொழி 1

நீங்கள் தப்பித்தீர்கள். நான் அதே எக்ஸிமின் -என் (-N) ஆப்ஷனில் மாட்டினேன். ‘டெலிவரி பண்ணாமல் பண்ணுவது போல ஓட்டும்’ என்று படித்ததும் வெறும் ஒத்திகை என்று நினைத்து, க்யூவில் நின்ற நிஜ மெயில் ஒன்றின் மேல் ஓட்டினேன். லாக்கில் வழக்கமான அம்புக்குறி வரவில்லை, நட்சத்திரம் சேர்ந்த அம்பு வந்தது. க்யூவிலும் மெயில் இல்லை. அனுப்பியதாகப் பாவித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. வாடிக்கையாளர் ‘என் கொட்டேஷன் எங்கே?’ என்று கேட்டபோது வேர்த்துவிட்டது. அதன் பிறகு சோதனை என்றால் எனக்கே ஒரு மெயில் அனுப்பி அதன் மேல்தான்.

மறுமொழி 2

நான் ஓட்டுவது போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் மாதிரி இன்னொரு மெயில் மென்பொருள். புது செட்டிங் சோதிக்க ‘சாஃப்ட் பவுன்ஸ்’ யெஸ் போட்டேன். 5இல் தொடங்குகிற நிரந்தர மறுப்பையெல்லாம் 4இல் தொடங்குகிற ‘பிறகு வா’ ஆக்கிவிடும், தப்பு நடந்தாலும் மெயில் தொலையாது. நல்ல வசதிதான், சோதனை முடிந்ததும் அதை ‘நோ’ ஆக்க மறந்ததுதான் கோளாறு. முகவரியில் எழுத்துப் பிழை விட்டவர்களுக்குத் தகவலே போகவில்லை. மெயில் 5 நாள் க்யூவில் கிடந்தது. முதலில் 300 விநாடி, கடைசியில் 4000 விநாடி இடைவெளியில் இல்லாத ஆளைப் போய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுமொழி 3

முதலில் எழுதியவன்தான். கோப்பை அழித்தபோது வேறு நாலு டொமைன்களின் கணக்கும் சேர்ந்து போய்விட்டது. அவற்றில் இரண்டு உண்மையிலேயே செத்த சர்வர்கள். அவற்றுக்கு மறுபடி முதல் 15 நிமிடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது. ஃபிக்ஸ்டிபி கட்டளையை வைத்து ஒரு பதிவை மட்டும் நீக்கியிருக்கலாம்.