ஏழு பேர்ச் காணியில் இரண்டாவது குடும்பம்: உறுதியின் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்ட அனுபவங்கள்

ஹட்டன் பக்கத்து உறுப்பினர்:

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியிலுள்ள தனி வீட்டுக்கு வந்தபோது, காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) எழுதியிருந்த நிபந்தனைகளை வீட்டில் எவரும் வாசிக்கவில்லை. உறுதி சிங்களத்தில் இருந்தது ஒரு காரணம்; அது கைக்கு வந்ததே போதும் என்றிருந்தது மற்றொரு காரணம். தம்பிக்குத் திருமணம் நிச்சயமாகி, அவனுக்கு அதே காணியில் இன்னொரு வீடு கட்ட நினைத்த பிறகுதான் ஒரு நொத்தாரிசிடம் காட்டினோம். காணியில் ஒரு வீடு மட்டுமே இருக்கலாம், துண்டாடக் கூடாது, எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்றக் கூடாது என்று அவர் வாசித்துச் சொன்னார்.

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடுகளைப் போல எங்களுடையதும் 550 சதுர அடிதான் என்பதால், கணக்குப்படி பின்னால் இன்னொரு வீட்டுக்குத் தாராளமாக இடம் இருக்க வேண்டும். ஆனால் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர், மழைநீர்க் கான், மலசலகூடக் குழி, நடைபாதை எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது கொய்யா மரம் நிற்கும் ஒரு சிறு துண்டுதான்.

நாங்கள் செய்த தவறு, முதலில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தது. உள்ளூராட்சி மன்றம் வரைபடத்தை அங்கீகரிக்கலாம். உறுதியில் உள்ள நிபந்தனையைத் தளர்த்த அதற்கு அதிகாரமில்லை, காணியை வழங்கிய தரப்பே சம்மதிக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள நான்கு மாதங்கள் போயின. சரியான அலுவலகத்தில் கடிதம் கொடுத்தபோது, அங்கிருந்த உத்தியோகத்தர், “இப்படி எல்லோருக்கும் விட்டால் பத்து வருடத்தில் இதுவும் லயமாகிவிடும்” என்றார். கோபம் வந்தாலும், அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

தனி வீட்டுக்கு மறுத்துவிட்டு, காணியைப் பிரிக்காமல் மேல்மாடி கட்ட எழுத்தில் சம்மதம் தந்தார்கள்; சரிவான நிலம் என்பதால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்டார்கள். மீரியபெத்தை மண்சரிவை 2014 ஒக்டோபரில் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அறிக்கைக்காகக் காத்திருந்த நாட்களை வீண் என்று சொல்லமாட்டேன். அப்பா வீடு கட்டிய காலத்திலேயே தூண் கம்பிகளை வெட்டாமல் உயரவிட்டு, துருப்பிடிக்காதிருக்க வெறும் மீன் டின்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். அன்று நாங்கள் சிரித்தோம். பொறியியலாளர் முதலில் பார்த்தது அந்தக் கம்பிகளைத்தான்.

பண்டாரவளையிலிருந்து:

எங்களுடையது தோட்டக் காணி அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தாத்தாவுக்கு அரசு வழங்கிய அரை ஏக்கர் அளிப்புக் காணி. கால் ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்கக் கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டாகப் பிரிக்கலாம், மூன்றாகப் பிரிக்க முடியாது, தாத்தாவின் பிள்ளைகளோ மூவர். அத்தை வீட்டுக்குத் தனிப் பத்திரம் இல்லாததால் வங்கிக் கடனும் இல்லை. பின்னுரித்தாளர் (உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவர்) நியமிக்கப்படாத காணிகளில் ஆண்களுக்கே முன்னுரிமை தந்த ஒழுங்கு 2022 இல்தான் திருத்தப்பட்டது. எங்கள் காணியில் அதற்கு முன்பே பெரியப்பாவின் பெயர் ஏறிவிட்டது. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி எதையும் எழுதிக்கொள்ள முடியாது என்று தெரிந்தும், வெற்றுக் கடதாசியில் உடன்படிக்கை எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறோம். அது செல்லாது என்பது மூவருக்கும் தெரியும்.

நானுஓயாவிலிருந்து:

மேலே எழுதிய இருவரிடமும் மாற்றக் கேட்பதற்கு ஒரு நிபந்தனையாவது இருக்கிறது. லயத்தில் இருக்கும் எங்களுக்கு உறுதியே இல்லை. காணி அரசினுடையது, தோட்டத்தை நடத்தும் கம்பனியிடம் இருப்பது 53 வருடக் குத்தகை. மகளுக்குப் படிக்க இடம் வேண்டுமென்று இஸ்தோப்பை (முன் திண்ணையை) நான்கடி முன்னுக்கு இழுத்துத் தகரம் போட்டேன். மூன்றாம் நாள் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வந்தது. ஹட்டன் அண்ணன் சம்மதம் கேட்டு எழுதிய கடிதத்தின் மாதிரி இருந்தால், பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள். யாருக்கு முகவரியிடுவது என்பதை நான் தோட்டத்தில் விசாரித்துக்கொள்கிறேன்.