டிபென்டன்ஸ்: 'மருந்தடிமை' வேண்டாம், 'பழகுசார்பு' ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் நாட்பட்ட வலியைக் கையாள்வது பற்றிய கையேட்டுக்காக, ஓப்பியாய்டு டிபென்டன்ஸ் (மார்பின் போன்ற வலிமருந்துகளுக்கு உடல் பழகிவிடும் நிலை) என்பதை 'மருந்தடிமை' என்று ஐயா மொழிபெயர்த்திருக்கிறார். அடிக்‌ஷனுக்கு அது பொருந்தலாம். டிபென்டன்ஸுக்கு அறவே பொருந்தாது. தீங்கு தெரிந்தும் வேட்கையை அடக்க முடியாமல் மருந்தைத் தேடி ஓடுவது அடிக்‌ஷன். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூட விழுங்காத முதுகுவலிக்காரருக்கும், மார்பின் திடீரென நின்றால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இது உடல் மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டதன் விளைவு. ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டவரும் சட்டென்று நிறுத்தக் கூடாது, ஆனால் அவரை யாரும் அடிமை என்பதில்லை.

குழப்பம் ஆங்கிலத்திலும் இருந்ததுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் வகைப்பாட்டில் நோயின் பெயராக டிபென்டன்ஸ் இருந்ததை நீக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருந்தொற்றில் இந்த வேறுபாடு பெரிதாகிவிட்டது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில், நோயாளியை நேரில் காணாமலே காணொளி வழியாக இம்மருந்துகளை எழுதித்தர விலக்கு அளித்தார்கள். அதே மாதம் இந்தியாவில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளோ போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும் மருந்துகளை அவ்வாறு எழுதத் தடை விதித்தன. ஊரடங்கில் கையிருப்பு தீர்ந்தவருக்கு மேற்சொன்ன குறிகள் தோன்றினால், அவற்றில் சில கொரோனாவின் குறிகளைப் போலவே இருக்கும். மருந்து நின்றதால் வந்தவை என்று அவருக்குச் சொல்லித்தரவேண்டிய கையேடே அவரை அடிமை என்றால், அஞ்சிப்போய், எஞ்சிய மாத்திரைகளையும் தாமாகவே ஒரேயடியாக நிறுத்திவிடுவார். அவ்வாறு நிறுத்துவதன் ஆபத்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலிலேயே எச்சரித்திருந்தது.

'சார்பு' மட்டும் போதாது. கணக்குப் பாடம் அதை ஃபங்ஷனுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'மருந்துச்சார்பு' என்றால் இன்சுலின் போட்டுக்கொள்பவரும் அதில் அடங்கிவிடுவார். 'உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது' என்று நோயாளிகளே சொல்வதைப் பின்பற்றிப் 'பழகுசார்பு' என்று முன்வைக்கிறேன். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. மருந்தளவைப் படிப்படியாகக் குறைக்கும் டேப்பரிங்குக்குப் 'படிக்குறைப்பு' என்பதில் எனக்கு மறுப்பில்லை.

*

வணக்கம் அம்மா.

அடிமையை விலக்கவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அவருக்குப் பழக்கம் உண்டு' என்றால் நம் ஊரில் குடியைத்தான் நினைப்பார்கள். அந்த நிழல் பழகுசார்பின் மீதும் விழாதா?

*

ஐயா, விழத்தான் செய்யும், ஆனால் 'பழக்கம்' என்ற பெயர்ச்சொல்லுக்குள்ள அளவு 'பழகு' என்ற வினைக்கு அந்தக் கறை இல்லை. செருப்பும் பழகுகிறது, கண்ணாடியும் பழகுகிறது. ஆகவே சொல்லடைவில் பழகுசார்பு இருக்கட்டும். கையேட்டில் அது முதலில் வரும் இடத்தில் மட்டும் 'உடல் மருந்துக்குப் பழகிய நிலை. இது அடிமைத்தனம் அன்று' என்று விரித்து எழுதிவிடலாம்.